அக்கா கைக்கு எட்டிய அலமாரி

போன மாதம் எங்கள் வீட்டு அடுப்படியில் மேல் அலமாரியைக் கழற்றினார்கள். முதல் திருகாணி சுழன்றதுமே ஒரு மணம் இறங்கி வந்தது. பழைய தேக்கும், மல்லித்தூளும், எந்தக் காலத்திலோ சிந்திய பெருங்காயமும் கலந்த மணம். மேற்பார்வை பார்க்கிறேன் என்ற பெயரில் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நான், எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன்.

சுவரில் ஈரம் ஏறிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் புதிது வேண்டும் என்ற ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். அளவெடுக்க வந்தவர் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவியை நீட்டினார். சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அவ்வளவுதான், அளவு முடிந்தது. "எனக்கு எட்டுமா தம்பி?" என்று கேட்டேன். "ஸ்டாண்டர்டு சைஸ்தான் மேடம், எல்லாருக்கும் செட் ஆயிரும். மேலே அலமாரியே வேணாம், எல்லாத்தையும் கீழ டிராயராப் போட்டுரலாம்" என்றார். நான் நாலடி பத்து அங்குலம். எல்லாருக்கும் செட் ஆகும் என்று சொன்ன எதுவும் இதுவரை எனக்குச் செட் ஆனதில்லை. பஸ்ஸில் மேல் கம்பியை எட்டிப் பிடிக்கவே எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். ஆனாலும் சரி என்றேன்.

இதே அடுப்படிக்கு முன்பு ஒருமுறை அளவெடுத்தார்கள். எண்பதுகளின் பின்பாதி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்றால் பால்கோவா கிண்டத் தெரிந்திருக்கும் என்று இந்த வீட்டில் நம்பியிருந்தார்கள். வந்த முதல் வாரமே ஒரு படி பாலை அடிப்பிடிக்க வைத்து அந்த நம்பிக்கையைத் தீர்த்துவைத்தேன். அந்தச் சட்டியை ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்துக் கவிழ்த்தவர் அக்கா.

அக்கா என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. நல்ல உயரம். எங்கள் அடுப்படி நிலையில் தலை குனிந்து நுழைகிற ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஆண்கள் எல்லாரும் நிமிர்ந்தே போய்வருவார்கள். எனக்கு முன்னால் எட்டு வருடமாக அந்த வீட்டுக்குச் சோறு பொங்கியவர். அப்போது தரையோடு தரையாக விறகடுப்பு. சுவரெல்லாம் கரி. பெயர் பதிந்துவைத்து வருடக்கணக்காகக் காத்திருந்து கேஸ் இணைப்பு வந்தபோது, இனி நின்றுகொண்டு சமைக்கலாம், மேடை கட்ட வேண்டும், மேடை கட்டினால் அலமாரி வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது.

மரம் கைவசம் இருந்தது. சேத்தூரில் மாமனாரின் பழைய வீட்டைப் பிரித்தபோது வந்த கதவுகள், பித்தளைக் குமிழ் வைத்தவை, கொல்லையில் சாத்திக் கிடந்தன. "அதை அறுத்து அலமாரிக்குக் கதவாப் போட்டுரலாம்" என்றார் மாமனார். அன்றைக்கு ஃபார்மைகா தகடு ஒட்டிய அலமாரிதான் பெருமை. எனக்கு உள்ளுக்குள் ஃபார்மைகா ஆசைதான். புது மருமகள் என்பதால் கதவு அழகாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அந்தப் பேச்சின் நடுவேதான் அக்காவின் கணவர் அதைச் சொன்னார். சாதாரணமாகத்தான், சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "செய்யுறதே செய்யுறோம், ரெண்டு அடுப்படியாவே செஞ்சுட்டா என்ன? பின்னால தோதா இருக்கும்ல."

இரண்டு அடுப்படி என்றால் இரண்டு உலை, இரண்டு குடும்பம். இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. வந்து ஒரு வருடத்துக்குள் அடுப்பைப் பிரித்தவள் என்று எனக்குப் பெயர் வந்துவிடுமே என்று பயந்தேன். பெயரைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. எனக்கு அக்காவைப் பிடித்துப்போயிருந்தது.

ஆசாரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். அவரிடம் டேப் இருந்தது, ஆனால் அதைச் சுவருக்குத்தான் எடுத்தார். ஆளுக்கு எடுக்க ஒரு மூங்கில் பட்டை வைத்திருந்தார். "சமைக்கிறவுக யாரு?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சரி, ரெண்டு பேரும் வாங்க தாயி" என்று அவரே கூப்பிட்டார்.

சுவரோரம் நிற்கவைத்தார். "உப்புச்சாடிய எடுக்குறாப்புல கையத் தூக்குங்க. விறைப்பா வேணாம், நிதமும் எடுப்பீகல்ல, அது மாதிரி." அக்கா கையைத் தூக்கினார். பட்டையில் ஒரு வெட்டு. நான் தூக்கினேன். அதற்கு ரொம்பக் கீழே இன்னொரு வெட்டு. பிறகு காய் நறுக்குகிற மாதிரி கையை வைக்கச் சொல்லி, மேடை உயரத்துக்கு ஆளுக்கு ஒரு வெட்டு. நாலு வெட்டையும் பார்த்து ஆசாரி தலையைச் சொறிந்தார்.

"எம்புட்டு வித்தியாசம் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல செஞ்சா ரெண்டு பேருக்கும் ஆகாது. யாரு அளவுக்குச் செய்யன்னு ஒரு முடிவாச் சொல்லுங்க."

"ரெண்டு அடுப்படியா..." என்று அக்காவின் கணவர் ஆரம்பித்தார். "பொறவு சொல்லுதோம் ஆசாரி" என்று அக்கா அதை அப்படியே வெட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறினேன். போனேன்தான். போகிற வழியில் ஆசாரியின் பட்டறைக்கும் போனேன். மரம் இழைத்த சுருள் கணுக்கால் வரைக்கும் கிடந்தது. "ஆசாரியண்ணே, எல்லாத்தையும் அக்கா அளவுக்கே செஞ்சிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீக" என்றேன். என் கணக்கு இதுதான்: அடுப்படி அக்காவுடையது என்று மரத்தாலேயே எழுதிவிட்டால், எட்டு வருடம் பொங்கிய இடத்தை நேற்று வந்தவள் பிடுங்கினாள் என்று அவர் மனதில் விழாது. இரண்டாவது அடுப்படிப் பேச்சும் செத்துவிடும். எனக்கு எட்டாவிட்டால் என்ன, முக்காலி போட்டுக்கொள்வேன். ஆசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்களுமா" என்று அவர் முணுமுணுத்தது போலிருந்தது. ரம்பச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குப் புரிந்திருக்காது.

ஒரு மாதத்தில் வேலை முடிந்தது. மேடைக்குக் கீழே நாலு கதவு, மேலே சுவர் நீளத்துக்கு அலமாரி, ஓரத்தில் பால் தயிர் வைக்கக் கம்பிவலை போட்ட ஒரு சின்னப் பெட்டி. சேத்தூர்க் கதவுகள் வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருந்தன. என் ஃபார்மைகா ஆசை அன்றோடு ஒழிந்தது. பித்தளைக் குமிழை நான் அதற்குள் இரண்டு தடவை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

பிறகுதான் மேடையருகே போய் நின்றேன். கை தானாக மேடையில் போய் உட்கார்ந்தது. என் உயரத்துக்கு அச்சு அசலாக இருந்தது. நிமிர்ந்து மேல் அலமாரியைப் பார்த்தேன். குமிழ்கூட எனக்கு எட்டவில்லை. அக்கா வந்து கையைத் தூக்கினார். உப்புச்சாடி தட்டு அவர் விரலுக்கு நேராக இருந்தது. குனிந்து மேடையில் கையை வைத்தார். முதுகு வளைந்தது.

"என்ன ஆசாரி இது?" என்றார் அக்காவின் கணவர்.

ஆசாரி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே, "நல்லாத்தான் செஞ்சிருக்கேன். பழகிப் பாருங்க" என்றார். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம். முழுக்க அக்கா அளவு என்று சொன்னால் பாதி மட்டும் செய்திருக்கிறாரே. ஆனால் திட்ட முடியாது. திட்டினால் நான் ரகசியமாகப் போய்ச் சொன்னது வெளியே வரும். அக்காவும் ஏனோ அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆசாரிக்குப் பட்டையில் வெட்டு மாறிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினோம். விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் குருட்டு ஆசாரி கதை ஒரு சுற்று வரும்.

அதற்குப் பிறகு அந்த அடுப்படியில் தனியாக ஒருவர் ரசம் வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. மேடை வேலை எனக்கு, மேல் அலமாரி அக்காவுக்கு. நான் அடுப்பில் நிற்பேன், அவர் கீழே அரிவாள்மணையில் காய் அரிவார். "அக்கா, புளி" என்பேன். எழுந்து எடுத்துத் தருவார். "அக்கா, கடுகு." "ஏட்டி, எல்லாத்தையும் ஒருவட்டமாக் கேக்க மாட்டியா? உக்காந்து எந்திரிச்சே என் முட்டி போயிரும்" என்பார். மறுநாளும் ஒவ்வொன்றாகத்தான் கேட்பேன். முக்காலி வாங்குவதாக இருந்தேன் அல்லவா, அதை மறந்தே போனேன்.

சண்டையும் வந்தது. வராமல் இருக்குமா? ஒரு தீபாவளிக்கு முறுக்கு மாவு விஷயத்தில் இரண்டு நாள் பேச்சு இல்லை. ஆனால் குழம்பு வைக்க வேண்டுமே. நான் சுவரைப் பார்த்து "புளி வேணும்" என்பேன். அவரும் சுவரைப் பார்த்தபடியே எடுத்து மேடையில் வைப்பார். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் சுவரிடம் "வத்தல்" என்று கேட்க, "வத்தல் மிளகாயா, சுண்டை வத்தலான்னு அந்தச் செவுத்துக்கு எப்படிட்டி தெரியும்?" என்றார். சிரித்துத் தொலைத்துவிட்டேன். இரண்டாவது அடுப்படிப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

பத்து வருடம் இப்படிப் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் அக்காவின் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்தார். தினமும் போய்வர முடியாது என்று அங்கேயே வீடு பார்த்தார்கள். மனத்தாங்கல் எதுவும் இல்லை. பதினோரு கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. நான் பிறந்த ஊருக்கு அவர் போக, அவர் ஆண்ட அடுப்படியில் நான் நின்றேன். அவர்கள் கிளம்பிய அன்று ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் மேல் அலமாரி காலி. சாடி, டப்பா, அஞ்சறைப்பெட்டி எல்லாம் கீழ் அலமாரிக்கு இறங்கி, என் கைக்கு எட்டும்படி வரிசையாக இருந்தன. புளிப்பானை எல்லாவற்றுக்கும் முன்னால். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து ரசம் வைத்தேன். அந்த மேல் அலமாரிக் கதவை நான் அதற்கப்புறம் திறக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அதைத்தான் போன மாதம் கழற்றினார்கள். சுவரைவிட்டு இறக்கித் தரையில் சாய்த்தபோது பின்பலகை தெரிந்தது. "மேடம், என்னமோ எழுதியிருக்கு" என்றார் கழற்றியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். தச்சுப் பென்சிலில், தடித்த எழுத்தில்: "பெரியவுக கை. சின்னவுக சொன்னது." பெரியவுக என்றால் அக்கா, சின்னவுக நான். மேடைக்குக் கீழிருந்த அலமாரியையும் திருப்பச் சொன்னேன். அதன் பின்னாலும் இருந்தது. "சின்னவுக உயரம். பெரியவுக சொன்னது."

அக்காவுக்குப் போன் போட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அதேதான்.

"அக்கா, அடுப்படி செஞ்ச ஆசாரிகிட்ட நீங்க என்ன சொன்னீக?"

"அவரு செத்துப் பல வருசம் ஆச்சே. ஒனக்கு யாரு சொன்னா?"

"பலகையில எழுதி வச்சிருக்காரு."

"அடப்பாவி மனுசா" என்று சிரித்தார். "கதவ எடுக்க வந்தப்பச் சொன்னேன். எல்லாம் ஒன் அளவுக்கே செய்யச் சொல்லி. எட்டாத அடுப்படின்னா, ஒன் வீட்டுக்காரர இழுத்துக்கிட்டு நீ தனியாப் போயிருவியோன்னு பயம். பாதிதான் செஞ்சுட்டுப் போயிட்டாரு, குருட்டு ஆசாரி."

"நான் ஒங்க அளவுக்கே செய்யச் சொன்னேன், அக்கா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

புது அடுப்படி போன வாரம் முடிந்தது. இழுத்தால் சத்தமில்லாமல் வருகிறது, விட்டால் தானாக மூடிக்கொள்கிறது. பொய் சொல்லக் கூடாது, வசதியாகவே இருக்கிறது. இரண்டு பலகையையும் மட்டும் வெளியே போடவிடாமல் என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சேத்தூர்க் கதவில் ஒன்றை அக்காவின் மகன் வந்து எடுத்துப்போனான்.

நேற்று ரசத்துக்கு அடுப்பில் சட்டியை ஏற்றினேன். புளி டப்பா இடுப்புக்கு நேர் இழுப்பறையில், கைக்கு எதிரேயே இருந்தது. பல வருடத்துக்கு முன்பு விட்டுப்போன பழக்கம், என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "அக்கா, புளி" என்றேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், "என்ன கேட்ட?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நானே எடுத்துக்கொண்டேன்.