லூர்து அண்ணனின் போன் இன்னும் என் கையில்

லூர்து அண்ணன் போய்விட்டார்.

இந்த ஒரு வரியை டைப் பண்ணிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்... நம்பவே முடியவில்லை. நேற்று சாயங்காலம்கூட மீன் கடையிலிருந்து போன் பண்ணி, "ரேவதி, வஞ்சிரம் சூப்பரா கீது, உனுக்கும் வாங்கட்டா?" என்று கேட்ட மனுஷன்.

காலையில் பல் விளக்கப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐயப்பன்தாங்கலில் இருந்து சேக்காட்டுக்கு ஆட்டோவில் எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை. உள்ளே நுழைந்ததும் அவர் மனைவி பிலோமினா அக்கா, அண்ணனின் போனை என் கையில் திணித்தார். "என்னால பேச முடியல ரேவதி. நீயே எல்லாருக்கும் சொல்லிடும்மா."

சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடுக்கிறவர்கள் எல்லோரும் "சொல்லு லூர்து" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்... என்னத்தைச் சொல்ல?

தெரியாதவர்களுக்காக... நானும் அண்ணனும் இந்தப் பக்கத்தில் இருந்த ஒரு மீடியம் வேவ் ரேடியோ ஸ்டேஷனில் டெக்னீஷியன்கள். ஸ்டுடியோவில் பேசுவதை டவர் வழியாக ஊருக்கெல்லாம் அனுப்புவது எங்கள் வேலை. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த புதிதில் "இன்னா", "கீது" எல்லாம் புரியாமல் முழித்தபோது, அதை வைத்தே என்னை ஓட்டி ஓட்டி மெட்ராஸ்காரி ஆக்கியவர்.

டவர் பக்கத்திலேயே இருந்ததால் அண்ணன் போகும் சர்ச் ஸ்பீக்கரிலும் ரேடியோ கேட்கும். கிறிஸ்துமஸ் பூசைக்குக் கூப்பிட்டார் என்று போயிருந்தேன். ஃபாதர் பிரசங்கத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார், ஸ்பீக்கரில் காய்கறி விலை நிலவரம்! மொத்த சர்ச்சும் திரும்பி அண்ணனை முறைத்தது. வெளியே வந்து அவர் கத்தின கத்து இருக்கிறதே... "நானா நியூஸ் படிக்கிறேன்? என்னை ஏன் மொறைக்கிறீங்கோ!"

அப்புறம் ஒருநாள் ஸ்டேஷனை மூடச் சொல்லி ஆர்டர் வந்தது. யாரும் கேட்பதில்லை, கரன்ட் பில்தான் எகிறுகிறது என்றார்கள். சாயங்காலம் ஆஃப் பண்ணினோம். அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை என்ன நடந்தது தெரியுமா? எப்போதும் போல வந்தார், எப்போதும் போல டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணினார். நானும் எப்போதும் போல மீட்டரைப் பார்த்து "ஓகேண்ணே" என்றேன். ரெண்டு பேருக்குமே உறைக்கவில்லை! ஸ்டுடியோவிலிருந்து எதுவும் வரவில்லை, பேச்சே இல்லாத வெறும் அலை ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஸ்டேஷன் போன் அடித்தது. காட்டுப்பாக்கத்தில் கடை வைத்திருக்கும் மணி என்ற டெய்லர். "சார், ரேடியோல இரைச்சல் நின்னு ஸ்டேஷன் புட்ச்சிக்கிச்சி. ஆனா யாரும் பேச மாட்றாங்கோ. இன்னா ஆச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அடக் கடவுளே, மூடின ஸ்டேஷன்! ஓடிப்போய் ஆஃப் பண்ணினேன்.

திரும்பி வந்தால் அண்ணன் போனில் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ரிப்பேரு நைனா. வரும் வரும். நீ என் நம்பரு வச்சிக்கோ." யாரும் கேட்பதில்லை என்று மூடின மறுநாளே ஒருவர் கேட்டுவிட்டாரே... அவரிடம் எப்படிச் சொல்வார்?

அதிலிருந்து மணி அண்ணன் அடிக்கடி போன் பண்ணுவார். ஸ்டேஷன் எப்போ வரும்? லூர்து அண்ணனும், அந்த பார்ட் வரலை, இந்த பார்ட் வரலை என்று கதை கதையாக விடுவார். ரிட்டயர் ஆன பிறகும் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவம்ணே அந்த ஆளு, உண்மையைச் சொல்லுங்க" என்று சண்டையே போட்டேன். "சொல்றேன் சொல்றேன். அடுத்த தபா கண்டிப்பா சொல்லிடறேன்" என்பார். கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இன்று மதியம் போன் அடித்தது. ஸ்கிரீனில் "டெய்லர் மணி".

இந்த மனுஷனிடம் ஒரே மூச்சில் ரெண்டு சாவு சொல்ல வேண்டுமே...

"மணிண்ணே, நான் ரேவதி, லூர்து அண்ணன்கூட வேலை பார்த்தவ. அண்ணன் இறந்துட்டாருண்ணே... காலையில." அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. நானே மெதுவாகச் சொன்னேன். "அந்த ஸ்டேஷனும் இனிமே வராதுண்ணே. மூடிட்டாங்க."

"அது தெரியும்மா. அப்பவே பேப்பர்ல பாத்தேன். ரேடியோவ எடைக்கே போட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏண்ணே போன் பண்ணிட்டே இருந்தீங்க?"

"ஸ்டேஷன் எப்போ வரும்னு ஒரு வார்த்த கேட்டா போதும்மா, அவரு பாட்டுக்குப் பேசுவாரு. ஸ்பீக்கர்ல போட்டுகினு நான் தச்சிகினு இருப்பேன்..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. என்னாலும்தான்.

நாளை மதியம் அடக்கம். கடையை மூடிவிட்டு மணி அண்ணன் வருகிறாராம். ரெண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

போய்ட்டு வாங்க லூர்துண்ணே...