சூடான பக்கம்

சியோல் நகரத்து மலைச்சரிவில் மல்ரேயைப் போலக் குளிரோடு மல்லுக்கு நின்றவள் வேறு யாரும் இல்லை. புருஷன் போன பிறகு சந்தையில் மீன் அறுத்துப் பிழைத்தவள். அவள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உள்ளே வந்துவிடும். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள், சுவருக்கு அடுக்கடுக்காகப் பழைய செய்தித்தாள், கதவுக்குக் கிழிந்த மெத்தை என்று ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிடுவாள். காசிருப்பவன் சுவர் எழுப்புகிறான், இல்லாதவன் ஓட்டையை அடைக்கிறான். வேறென்ன செய்ய?

சமையலறை அடுப்பில் துளைபோட்ட வட்டக் கரி எரியும். அந்தச் சூடு தரைக்கு அடியில் ஓடி, எதிர்ப்புறப் புகைபோக்கி வழியாக வெளியேறும். அடுப்பை ஒட்டிய தரை நன்றாகச் சுடும்; கதவோரம் போகப் போக ஜில்லிட்டுவிடும். அதனால் அங்கே எந்த வீட்டிலும் சூடான பக்கம் விருந்தாளிக்கு, நோயாளிக்கு, பெற்றவளின் செல்லத்துக்கு.

அந்த வருஷம் புத்தாண்டு விடுப்புக்கு, விக் தைக்கும் ஆலையில் வேலை பார்க்கும் மகள் இன்சுக் நெஞ்சு நிறைய இருமலோடு வந்து சேர்ந்தாள்.

"எம்மா, இது வீடா, பேப்பர் பொட்டலமா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பொட்டலத்துக்குள்ள குளிருதா, அதச் சொல்லு."

"நாளெல்லாம் ஐஸ்ல கைய விட்டுட்டு நிக்கிறது நீ. நீதான் சூட்டுப் பக்கம் படுக்கணும்."

"நான் காஞ்ச கருவாடுடி, எனக்கெதுக்குச் சூடு? இருமிக்கிட்டே வழக்காடாத, படு!"

இன்சுக் மெத்தையைக் கதவுப் பக்கம் இழுத்தாள். அம்மாக்காரி காலாலேயே அதைத் திருப்பித் தள்ளினாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் அம்மாதான் ஜெயித்தாள். ஐயோ, அந்த ஒரு தடவையாவது அவள் தோற்றிருக்கக் கூடாதா!

வீட்டுச் சொந்தக்காரர் முந்தின மாதம்தான் தரைக்குப் புதுத்தாள் ஒட்டியிருந்தார். அதற்கு அடியில், சூடான பக்கத்தில், மயிரிழைபோல ஒரு வெடிப்பு. யாருக்குத் தெரியும்? கதவிடுக்கில் மட்டும் எவ்வளவு அடைத்தும் காற்று நிற்கவில்லை. அந்தச் சனியனைத் திட்டிக்கொண்டேதான் மல்ரே அங்கே தலைவைத்துப் படுத்தாள்.

விடிந்தபோது தலை பிளந்தது. குமட்டலோடு கதவைத் தள்ளி வெளியே விழுந்தவள், பனிக்காற்று முகத்தில் அடித்ததும்தான் விஷயம் புரிந்து அலறினாள். எதிர்வீட்டு போங்னே ஓடி வந்தாள். இருவருமாக இன்சுக்கை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். தரை வெடிப்பில் கசியும் கரியின் விஷவாயு தாக்கினால் அங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், குளிரில் ஊறிய முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணீர். போங்னே ஒரு கிண்ணம் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியே வழிந்தது.

"கன்னம் செக்கச் செவேல்னு இருக்கு பாருங்க அக்கா! உடம்பு சுடுது! உசுரு இருக்கு, இன்னும் ஊத்துங்க!" என்று மல்ரே கத்தினாள்.

போங்னே நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அது தரையோட சூடு, மல்ரே."

மல்ரேயின் காதில் அது ஏறவே இல்லை. உள்ளே போய்க் கனத்த போர்வையை இழுத்து வந்து மகளுக்குப் போர்த்தினாள். பிறகு அந்தச் சூடு போய்விடாதபடி, நாலு பக்கமும் ஓரத்தைச் செருகிச் செருகி அடைக்க ஆரம்பித்தாள்.