பட்டு நூலில் வெட்டுண்ட தலை

கோலாலம்பூரின் பங்சாரில் நான் வேலை செய்யும் வீட்டு வரவேற்பறையில் வெட்டுண்ட ஆண் தலை ஒன்று தொங்குகிறது. தினமும் காலையில் அதன் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. மேடம் இங்கிலாந்துக்காரர், அவர் நாட்டுப் பழைய பூத்தையல்களைச் சேர்ப்பவர். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இந்தத் துண்டில் ஒரு பெண் வாளோடு நிற்கிறாள். மறுகையில், முடியைப் பிடித்துத் தூக்கிய தலை. வடியும் ரத்தமெல்லாம் சிவப்புப் பட்டு முடிச்சுகள். காலடியில் முயலும், முயலளவு ஸ்ட்ராபெரியும். தைத்தவள் சின்னப் பெண்ணாம். அந்த ரத்தத்தை எவ்வளவு பொறுமையாகத் தைத்திருக்கிறாள் என்று மலைத்து நின்றிருக்கிறேன்.

"யூ லைக் ஸ்ட்ராபெரி?" என்றார் மேடம், நான் அப்படி நிற்பதைப் பார்த்து ஒருமுறை. தலையாட்டிவைத்தேன். மறுநாள் ஒரு பெட்டிப் பழம் வாங்கித் தந்தார்.

தென்காசித் தையல் வகுப்பில் நானும் பூப்போட்டவள்தான். கிளி, ரோஜா, தலையணை உறையில் 'குட் நைட்'. அவற்றோடுதான் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தேன். குடித்துவிட்டு வரும்போதெல்லாம் என் கணவர் அந்தத் தலையணையை என் முகத்தில் வைத்து அழுத்துவார். நான் போட்ட முடிச்சுகளே என் உதட்டைக் கிழிக்கும். மூச்சு அடங்கப்போகும் நேரத்தில் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பார்.

தப்பி ஓடிவந்து மேடம் வீட்டிலேயே தங்கி வேலை செய்தேன். ஒரு மத்தியானம் கணவர் தேடி வந்துவிட்டார்.

"இங்கதான் ஒளிஞ்சிருக்கியா? வீட்டுக்கு வா லா!"

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. மறுபடி மோத இழுத்தபோது, கைக்குக் கிடைத்த சில்லால் அவர் கையைக் கிழித்தேன். எலும்பு தட்டியது. அவர் அலறினார்.

"கிட்ட வந்தா கொன்னுடுவேன்!" அது என் குரல்தான்.

ரத்தம் சொட்டச் சொட்ட வெளியே ஓடினார். மாடியிலிருந்து மேடம் இறங்கி வந்தார்.

"மை காட், த பிளட்!"

"நோ பிளட், மேடம். பிக்சர் ஓகே" என்றேன். படத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் படத்தைத் தாண்டி வந்து, என் நெற்றியைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார்.

போலீஸில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். "ரிப்போர்ட் போடுங்கக்கா, பயப்படாதீங்க." போட்டேன். என்னை நெருங்கக் கூடாதென்று கணவருக்கு உத்தரவு. அவருக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறைக்கு மாறினேன்; வேலை மட்டும் மேடம் வீட்டில்தான்.

"வெளிய யார்ட்டயும் சொல்லிராத" என்றாள் அம்மா போனில். தீபாவளிக்கு எனக்குச் சேலையும் அவருக்கு வேட்டியும் எடுத்துச் சாமி முன் வைத்திருக்கிறாளாம். தென்காசியில் கேட்பவர்களுக்கு நான் இன்னும் கிள்ளானில் குடித்தனம் நடத்துகிறேன். இங்கே, படியில் செருப்புச் சத்தம் கேட்டால், அது மேல்மாடிக்குப் போகும்வரை கதவில் முதுகை அழுத்தி நிற்கிறேன்.