ஒன்றரை மணி வரை தேடிய சாவி

என் மகளுக்கு இடுப்பு வலி எடுத்த அன்று, வண்டியை எடுக்காமல் ஐம்பது நிமிடம் சாக்குச் சொல்லிக்கொண்டு நின்றவன் நான். ராகு காலம் முடியட்டும் என்று. இதை எழுதக் கை கூசுகிறது. ஏனென்றால் என் கல்யாணமே ராகு காலத்தில்தான் நடந்தது. வேண்டுமென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேல் வைத்துக்கொண்டோம். உறவில் பாதிப்பேர் ஆறு மணி வரை மண்டபத்து வாசலிலேயே நின்றுவிட்டு நேராகப் பந்திக்கு வந்தார்கள். அதன் பிறகு அழைத்த மேடையிலெல்லாம், சரியாக அழைக்காத சில மேடைகளிலும், பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன். சிறு பத்திரிகைகளில் கட்டுரைகள் உண்டு. அவற்றைப் படித்த நாலைந்து பேரில் யாராவது இதையும் படிக்க நேர்ந்தால், எதையும் வாபஸ் வாங்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சறுக்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். மகள் முதல் தடவை உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முதல் நாள் ஸ்கேன் எடுக்க அவளை வண்டியில் அழைத்துப்போனவன் நான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து சம்பந்தியம்மா வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், “ராகு காலத்துல கூட்டிகினு போனீங்களாமே, அண்ணா. ஒரு அர மணி பொறுத்திருக்கலாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதிலும் நன்றாகவே வந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததால் முழுங்கிவிட்டேன். முழுங்கியது செரிக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை ஒரு பார்வை பார்க்க ஆரம்பித்தேன். வெறும் பார்வைதான். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதில்லையா, அதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்புகிறவர்களுக்கு ஏழு நாள் ராகு காலமும் மனப்பாடம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெரியும், அதுவும் கல்யாண உபயம். மற்ற நாளுக்கெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைத்தான் படிக்கவேண்டும்.

மகள் மறுபடி உண்டானாள். வளைகாப்பு முடிந்து வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரியும். நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போகாதவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு, காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது.

மறைமலை நகர்ப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் மாதத்திலும் குழந்தை தலை திரும்பவில்லை, உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது. வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். “நடுவுல தண்ணி ஒடைஞ்சா வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே கெளம்பிடணும். தொப்புள்கொடி முன்னாடி சரிஞ்சுதுன்னா குழந்தைக்கு மூச்சு நின்னுடும்.” இதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் நம்பிக்கையான ஆள் என்று நினைத்திருப்பார். அன்றே திரும்பும் வழியில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம். அதையும் நோட்டில் எழுதினேன். காலை பதினொரு மணிக்கு, சாலை காலியாகக் கிடக்கும்போது எடுத்த அளவு என்பதை எழுதவில்லை.

அந்த நாள், ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போது, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“விட்டு விட்டு வலிக்குதும்மா.”

“ஏங்க, கெளம்பலாம்” என்றாள் மனைவி. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள், செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதவள்.

நான் காலண்டரைப் பார்த்தேன். ராகு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை.

“பொய் வலியா இருக்கும். எடைவெளி பாக்கணும்” என்று நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு நிமிடம். அடுத்தது ஒன்பது. அடுத்தது பதினொன்று. “பாரு, சீராவே இல்ல” என்று மனைவியிடம் காட்டினேன். தொழிற்சாலையில் அளவு இப்படி முன்னும் பின்னும் தாவினால் நானே மெஷினை நிறுத்தச் சொல்லியிருப்பேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

“அவ இன்னா மெஷினா? எழுந்திரிங்க.”

“மொதல் பிரசவத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் ஆகும். புத்தகத்துல போட்டிருக்கு.”

“அந்தப் புத்தகத்த எழுதுன ஆளு பெத்தாரா?”

வெளியே போய் டயரில் காற்று பார்த்தேன். முன்கண்ணாடியைத் துடைத்தேன். பின்கண்ணாடியையும் துடைத்தேன். உள்ளே மனைவி மருமகனுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் காலை ஷிஃப்ட். அவர் கம்பெனியில் உற்பத்தி லைனுக்குப் போன் கொண்டுபோக முடியாது. ஆறு மணிக்குக் கேட்டில் லாக்கரில் வைத்தால் இரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். பூட்டிய பெட்டிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஒன்று இருபதுக்கு மகள் குளியலறை வாசலில் நின்று, “ம்மா, தண்ணி போவுது” என்றாள். அசையாமல் நின்றாள். வளையல் சத்தமே இல்லை.

“வண்டிய எடுங்க” என்றாள் மனைவி.

அப்போதுதான் நான் சாவியைத் தேட ஆரம்பித்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜுக்கு மேல் பார்த்தேன். சாமி படத்துக்குப் பின்னால், பேப்பர் அடுக்குக்குக் கீழே, எல்லா இடத்திலும் பார்த்தேன். கடிகாரமும் காலண்டரும் ஒரே சுவரில் இருந்தது வசதி. அந்தப் பத்து நிமிடம் பதற்றத்தில் எதுவுமே ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. நன்றாகவே ஓடியது. போன தடவை காத்திருக்கவில்லை, போய்விட்டது. இந்தத் தடவையும் ஏதாவது ஆனால் எந்த முகத்தோடு சம்பந்தியம்மா முன்னால் நிற்பது என்று ஓடியது. முகம் என்னுடையது. மூச்சு குழந்தையுடையது. எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்பது இப்போது எழுதும்போது தெளிவாகத்தான் இருக்கிறது.

ஒன்று முப்பத்திரண்டுக்கு, “கெடச்சிடுச்சு” என்றேன். மனைவி என் சட்டைப் பையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தலையணை எடுக்க உள்ளே போனாள்.

மகளைப் பின்சீட்டில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தோம். டாக்டரம்மா முன்பே அப்படித்தான் சொல்லியிருந்தார். தலை மனைவியின் மடியில். ஒரகடம் வரை ஏழு நிமிடம். என் நோட்டுக் கணக்கு அதுவரை சரியாகவே இருந்தது.

கூட்டு ரோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டோம். இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ்கள், வெள்ளை வெள்ளையாக, கண்ணுக்கு எட்டியவரை நின்றன. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு வந்த நீளமான டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் சாலைக்குக் குறுக்கே மாட்டியிருந்தது. இருபத்தாறு வருடம் அதே நேரத்தில் அதே நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து தூங்கியவன் நான். எந்த மணிக்கு அந்த ரோடு அடைக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்போம்.

“கொழந்த அசையுதா?” என்று பின்னால் மனைவி கேட்டாள்.

“தெரியலம்மா.”

“நல்லா பாத்து சொல்லு.”

“தெரியலம்மா.”

நான் ஹாரன் அடித்தேன். எனக்கு முன்னால் ஐம்பது பேரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்து பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண், நீலக் கோட்டும் தலையில் துணித் தொப்பியுமாக, எங்கள் பின்சீட்டைக் குனிந்து பார்த்தார். அடுத்த நிமிடம் கீழே இறங்கி வந்து என் பக்கத்து ஜன்னலைத் தட்டினார். முப்பது வயது இருக்கும்.

“வலியா சார்?”

“தண்ணி ஒடைஞ்சிடுச்சும்மா.”

“இன்னா சார் நீ, ஒடம்பு முடியாத பொண்ண வெச்சிகினு ஷிஃப்ட் டைமுல வந்துகீற? இந்த ஊரு தானே?”

“ஆமா.”

“எப்ப கெளம்புனீங்க?”

“இப்பதான்” என்றேன். பொய்யில்லை. பொய்யில்லாமல் போனதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் பஸ்ஸைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். இன்னொரு பெண் இறங்கினார். பேச்சில் தென்காசிப் பக்கத்துச் சாயல் இருந்தது. “ஏக்கா, பஞ்ச் லேட்டாயிட்டுன்னா சூப்ரவைசர் கொல்லுவாரு.”

“கொல்லட்டும் வா. பஸ்சே இங்க நிக்கிது, எங்க போயி பஞ்ச் பண்ணுவ?”

இரண்டு பேரும் எங்கள் வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸின் பக்கவாட்டிலும் உள்ளங்கையால் படபடவென்று தட்டி, டிரைவரைப் பெயர் சொல்லாமல் மற்ற எல்லாம் சொல்லி, அரை அடி பின்னால், ஓர் அடி ஓரமாக என்று நகர்த்தினார்கள். டிரெய்லர் டிரைவர் வடக்கத்திக்காரர். அவரிடம் முதலில் இறங்கிய அம்மா தன் வயிற்றுக்கு முன்னால் கையால் பெரிதாக வளைத்துக் காட்டினார். அவர் உடனே கீழே குதித்து, பின்னால் போய், தானே நின்று வழி பார்த்துக் கிளீனரை வண்டி நகர்த்தச் சொன்னார். வண்டி போகிற அளவுக்கு ஒரு சந்து பிறந்தது. அந்த இருநூறு அடிக்குப் பத்து நிமிடம் ஆனது. பின்சீட்டில் மகள் ஒரு கையால் முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்தாள். மூன்று வளையல் உடைந்து என் தோளில் சிதறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்து முடிகிற இடத்தில் அந்த அம்மா குனிந்து, மகளிடம், “ஒண்ணும் ஆவாது, தாயி. எனக்கு வலி எடுத்தப்பவும் இந்த ரோட்டுலதான் நேரமாச்சு” என்றார். என்னிடம், “போ சார், பேசிகினு நிக்காத” என்றார். நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்பே மருமகன் நின்றிருந்தார். இரண்டு மணிக்கு லாக்கரைத் திறந்து, தவறிய அழைப்புகளைப் பார்த்து, யாரோ நண்பருடைய பைக்கில் பஸ்களுக்கு நடுவே புகுந்து வந்திருக்கிறார். யூனிஃபார்மும் சேஃப்டி ஷூவுமாக ஸ்ட்ரெச்சரோடு ஓடினார். மணி இரண்டு இருபத்தைந்து.

டாக்டரம்மா கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “கொடி இறங்கல” என்றார். பிறகு இதயத்துடிப்புக் கருவியை வைத்தார். எண் ஏறுவதும் சட்டென்று விழுவதுமாக இருந்தது. “தண்ணி ஒடைஞ்சு எவ்ளோ நேரம்?”

“ஒரு மணி நேரம்” என்றாள் மனைவி.

“உடனே கெளம்பலையா?”

மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. “சாவி கெடைக்கலைங்க” என்றாள்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. மருமகன் கையெழுத்துப் போட்ட தாளைத் தாங்கிய அட்டை அவர் கையிலேயே இருந்தது, வாங்க ஆள் இல்லை. நான் படித்த புத்தகத்தில் ஒரு வரிகூட அந்த வராந்தாவில் எனக்கு உதவவில்லை. உள்ளே ஏதோ ஓர் உலோகச் சத்தம். ஒரு நர்ஸ் வெளியே ஓடி வந்து, எதிர் அறையில் எதையோ எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் உள்ளே ஓடினார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மனைவி என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் சாவி இருந்தது.

அழுகை வந்தபோது அது எங்களுடையதுதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பக்கத்து அறையிலும் ஒரு பிரசவம். நர்ஸ் கதவைத் திறந்து, “பொண்ணு. ரெண்டு அம்பத்தொண்ணு. மொதல்ல அழல, இப்ப நல்லா இருக்கு. சாயந்தரம் வரைக்கும் உள்ள வெச்சுப் பாப்போம்” என்றார். மருமகன் அட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாலை ஐந்தரைக்குச் சம்பந்தியம்மா வந்தார். பேத்தியைக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிறந்த நேரம் கேட்டார். மருமகன் சொன்னார்.

“ராகு காலம்” என்றார் அவர். பிறகு, “போவட்டும். ரெண்டு உசுரும் நல்லா கீது. எனக்கு அது போதும்” என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். இரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதோடு விட்டிருக்கலாம்.

“இல்லீங்களே, ராகு காலம் ஒன்றரையோட முடிஞ்சிடுச்சே” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“அது பொதங்கெழம, அண்ணா. இன்னிக்கி வியாயன். ஒன்றரைக்குத் தொடங்கி மூணு வரைக்கும்” என்றார் சம்பந்தியம்மா.

காலையில் தாளைக் கிழிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐம்பது நிமிடம் காத்திருந்து, சரியாக ராகு காலம் தொடங்கியதும் வண்டியை எடுத்திருக்கிறேன். மருமகன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

டீ வாங்க வெளியே வந்தோம். மனைவி இரண்டு மடக்குக் குடித்தாள்.

“நேத்து தாளுன்னு நீங்க சாவி கெடச்சிடுச்சுன்னப்பவே பாத்துட்டேன். சொல்லியிருந்தா மூணு மணி வரைக்கும் சாவியத் தேடியிருப்பீங்க” என்றாள்.