இரண்டு தட்டு, பிறகு ஒன்று

2004 ஜனவரி 15, வியாழக்கிழமை, பிற்பகல் 4.17.

இந்த நேரம் மொன்ட்ரியாலின் டோர்வலில் நான் வேலை செய்த சரக்குக் கொட்டகையின் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அன்றே எழுதியது. பிறகு சேர்த்தது அல்ல. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. மொஸ்கோவிலிருந்து ஓர் இரும்புக் கொன்ரெய்னர் வந்திருந்தது. உள்ளே, நகரத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கான ஒரு விண்கலம். அனுப்பியது அங்குள்ள ஒரு விண்கலத் தொழிற்சாலை. பெயரை எழுத மாட்டேன்.

கூடவே வந்தவர் வலேரி. அங்கே முப்பத்தொரு வருடம் பொருத்துநர். எனக்குக் கொஞ்சம் ரஷ்யன் தெரியும். 1996இல் கனடாவுக்கு வரும் வழியில் மொஸ்கோவில் நான்கு மாதம் ஒரே அறையில் அடைந்து கிடந்தபோது பழகியது. காகிதங்கள் வரும் வரை அவர் தொழிற்சாலையின் கதையைச் சொன்னார். முதலில் டிராக்டர். பிறகு ஏவுகணைத் தொட்டி. பிறகு நாய்கள் போய் வந்த கூண்டு, உளவுக் கலங்கள் படச்சுருள் இறக்கும் உருண்டை, ஆட்கள் திரும்பி வரும் கலம். சந்திரனுக்கென்று செய்த ஒன்று போகவே இல்லை. நாடு உடைந்த பிறகு வேலை இல்லை.

“அலுமினியச் சட்டி செய்தோம்,” என்றார்.

ஒரு பழக்கத்தையும் சொன்னார். கலம் புல்வெளியில் இறங்கியதும் தேடிப் போகிறவர்கள் மூன்று முறை தட்டுவார்கள். உள்ளிருந்து பதில் வந்தால் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். தொழிற்சாலையிலும் எந்தப் பெட்டியையும் தட்டாமல் திறப்பதில்லை.

“நீங்கள் தட்டுங்கள்,” என்று சொல்லிவிட்டுச் சுங்க அதிகாரியைக் கூட்டிவரப் போனார். அதிகாரி இல்லாமல் முத்திரையை வெட்டக் கூடாது.

அன்று தைப்பொங்கல். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சிவநேசம் அண்ணையின் மடியில் ஒரு டப்பா இருந்தது.

“தட்டு, பேனாட். ஆரும் இருந்தா பொங்கல் குடுப்பம்.”

“காணாது அண்ணை. பாதியை நீங்கள் முடிச்சிட்டியள்.”

கையுறையைக் கழற்றித் தட்டினேன். டங். டங். டங்.

உள்ளே... டொக், டொக்.

ஓர் இடைவெளி.

டொக்.

சிவநேசம் அண்ணை சிரித்தார். “குளிருக்கு இரும்பு சுருங்குது.”

நான் சிரிக்கவில்லை. அந்தத் தட்டு எனக்குத் தெரியும்.

மொஸ்கோவிலிருந்து எங்களை லொறிக்குள் அடைத்து எல்லை கடத்திய ஏஜென்றின் சட்டம் அது. வெளியே யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. மூச்சு முட்டினால் மட்டும் இரண்டு தட்டு, பிறகு ஒன்று. வெளியிலிருந்து ஒரு தட்டு வந்தால், கேட்டுவிட்டது, திறக்கிறேன் என்று பொருள். என் அண்ணா டனிஸ்ரனுக்கு அதைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஏஜென்றை அவருக்கு ஒழுங்கு செய்து கொடுத்தவனும் நான்தான். 1999 பெப்ரவரியில் அண்ணா மொஸ்கோவிலிருந்து பேசினார். நாளைக்கு ஏறுறம் என்றார். அதன் பிறகு செய்தி இல்லை.

அவருடைய மனைவி யோசெப்பின் அண்ணி பிறகு வேறு வழியால் வந்து, மொன்ட்ரியால்-நோரில் இருந்தார். ஐந்தாம் வருடத்துக்காவது இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். அண்ணி சம்மதிக்கவில்லை. “அது செத்த ஆக்களுக்கு. அவர் செத்தவர் எண்டு ஆர் கண்டது?”

4.19. மறுபடி. இரண்டு, ஒன்று. மெதுவாக.

சிவநேசம் அண்ணை டப்பாவை மூடினார்.

4.22. இரண்டு. அதற்கு மேல் வரவில்லை.

என் கை இரும்புக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

4.24. ஏதோ உரசியது... கீழ்நோக்கி.

பிறகு சத்தமே இல்லை.

4.26க்கு அதிகாரி வந்தார். முத்திரை வெட்டப்பட்டது. கதவு திறந்தது.

கலம் மட்டும் இருந்தது. அது பறந்த கலம் அல்ல, பாரசூட் சோதனையில் எடைக்காகப் போட்ட போலிக் கலம். உள்ளே கழுத்து வரை கொங்கிறீற். ஆள் இருக்க இடமே இல்லை.

ஆனால் கொன்ரெய்னரின் கூரை வெள்ளையாக இருந்தது. உறைபனி. வலேரி விரலால் சுரண்டிப் பார்த்தார். ஈரம் உறிஞ்சும் பைகள் உள்ளே முழுதாக இருந்தன.

“மூச்சு விட்டால்தான் இப்படிப் படியும்,” என்றார்.

இன்னொன்றையும் கண்டேன். உள்சுவர் சாம்பல் நிறம். கழுத்தளவு உயரம் வரை மட்டும் பிறகு அடித்த பச்சைப் பெயின்ற்.

மார்ச் மாதம் கண்காட்சி முடிந்து கொன்ரெய்னர் வலேரியோடு எங்களிடம் திரும்பி வந்தது. அந்தப் பச்சையைப் பற்றி வலேரியிடம் கேட்டேன்.

சட்டி செய்த காலத்தில் கொன்ரெய்னர்களையும் வாடகைக்கு விட்டார்களாம். யார் கேட்டாலும். இது 1999 வசந்தத்தில் மேற்கு எல்லையிலிருந்து திரும்பி வந்தது. வெளிப்பூட்டோடு. வெறும் கொன்ரெய்னர் என்று நினைத்து இரண்டு நாள் முற்றத்தில் விட்டுவிட்டார்கள். உள்ளே பதினொரு பேர். உங்கள் நிறம் என்றார்.

பெயின்ற் அடித்தது அவர்தான். கழுத்துக்கு மேல் சுவரில் கீறல் இருக்கவில்லை.

“புல்வெளியில் தட்டுவது பழைய பழக்கம்,” என்றார். “பெட்டிகளைத் தட்டுவது அதற்குப் பிறகு வந்தது.”

அந்த ஞாயிறு அண்ணியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நேரங்களோடு. அவர் அழவில்லை.

“இனிப் பூசைக்குக் குடுப்பம் அண்ணி,” என்றேன்.

அவர் மேசையை விரலால் தட்டினார். இரண்டு. பிறகு ஒன்று. நான் அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தபோது அவரும் அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்றவர்.

“நீ ஒருக்காத் திருப்பித் தட்டினனியோ, பேனாட்?”