தையல்கடை மாடியில் பக்தாத்

கேம் கடை நடத்துவது, பயத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற தொழில். வாடகைக்கு எடுத்தவன் பயந்துவிட்டு எழுந்து போய்விடுவான். மிச்சத்தைக் கூட்டிப் பெருக்குவது கடைக்காரன். கடை வைத்துக் கெட்டவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

பதுளை கடைவீதி. ஜுனைதீன் நானாவின் தையல்கடைக்கு மேல் மாடி. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். நான்கு டீவி, நான்கு கேம் மெஷின். மகன் வைத்த கடை. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான், கடை என் தலையில் விழுந்தது. நான் தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவன். ரோலர் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. கேமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்த வயரை எதில் சொருகுவது என்பதுதான்.

வருகிறவன் எல்லாம் கேட்பது ஒரே கேம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பக்தாத் நகரம். முக்காடு போட்ட ஒருவன். கைக்குள் மறைத்த கத்தி. கூரை மேல் ஓடுவான், சந்தைக் கூட்டத்தில் கலப்பான், காவல்காரன் கண்ணில் படாமல் போய் ஆளை முடிப்பான். சண்டை கொஞ்சம், ஒளிவது அதிகம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பவனும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான்.

வைக்கோல்

செல்வம், மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சாமான் வாங்க டவுனுக்கு வருவான். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு மாடி ஏறிவிடுவான். முதல் நாள் விளையாடும்போது காவல்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். செல்வம் தன் ஆளை வைக்கோல் குவியலுக்குள் பாய்ச்சினான். அதோடு சரி. வெளியே வரவில்லை. மழை நாள். அவன் நெற்றியில் வேர்வை.

"பின்னால போய்க் குத்துய்யா. அதுக்குத்தானே கத்தி" என்றேன். மாட்டேன் என்றான். சின்ன வயதில் தோட்டத்துக் காட்டில் விறகு பொறுக்கப் போவானாம். காவலுக்கு நிற்கும் வாச்சர் வந்தால் ஆளுயர மானாப்புல்லுக்குள் குப்புறப் படுத்துக்கொள்வானாம். வாச்சரைக் குத்தலாம் என்று அவன் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. கொடுத்த நேரம் முழுவதையும் வைக்கோலுக்குள்ளேயே கழித்தான். நான் மணியைக் காட்டினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அவன் போயிட்டானான்னு பாத்துச் சொல்லுங்க மொதலாளி, அப்ப வாறேன்."

தகரம்

செல்வத்தின் மனைவி புஷ்பம். சாமான் வாங்கி முடித்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வருவாள். மூலை நாற்காலியில் உட்காருவாள். வாயைத் திறக்க மாட்டாள். என் மாதிரி கேம் புரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் திரையில் முக்காடுக்காரன் கூரைக்குக் கூரை தாவினான். பின்னால் நாலு பேர் துரத்துகிறார்கள். செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்துகிறான். புஷ்பம் எழுந்து நின்றுவிட்டாள். அவர்கள் இருக்கிற லயத்தில் பத்துக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. காற்றுக்குப் பறக்காமல் மேலே கல் வைத்திருப்பார்கள். குரங்கு குதித்தால்கூட யார் தலையில் என்ன விழுமோ என்று உள்ளே எல்லாரும் விழித்துக்கொள்வார்களாம்.

"இது தகரமில்ல, கல்லுக் கட்டடம். நீ உக்காரும்மா" என்றேன்.

உட்காரவில்லை. "தாவுறவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கீழ படுத்திருக்கவங்க என்ன ஆவாங்க?"

படிக்கட்டு

எதையோ அழுத்தப் போய் கேமை அரபிக்கு மாற்றியவனும் செல்வம்தான். பேச்சு அரபி. எழுத்தும் அரபி. பழையபடி ஆக்க வேண்டுமானால் அந்த எழுத்தைப் படிக்க வேண்டும். யார் படிப்பது? மகனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். வருகிறவர்களுக்கு அதுவே பிடித்துப்போனது. பக்தாத்காரன் வேறென்ன பாஷை பேசுவான் என்றார்கள்.

புஷ்பத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. காவல்காரர்கள் அரபியில் கத்தத் தொடங்கியதும் பைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அங்கே சாரல் அடிக்கும். உள்ளே வரச் சொன்னேன். தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "இங்க காத்து வருதுங்க."

பலகை

எனக்குக் காது மந்தம் என்று சொன்னேன் அல்லவா? ஆகவே டீவிச் சத்தம் எப்போதும் உச்சத்தில். ஜன்னலும் திறந்திருக்கும். கீழ்க்கடையிலிருந்து நானா மேலே வந்தார். மேலே வருகிற ஆளில்லை அவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "அண்ணே, சத்தத்தக் கொறைங்க" என்றார். அரபியில் கூச்சல், வாள் சத்தம், இடையில் தொழுகைக்கு அழைக்கும் குரல். தெருவில் ஒருவன் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தானாம். போனில் படமும் எடுத்தானாம்.

சில வருஷத்துக்கு முந்தி, ஈஸ்டர் அன்று எங்கோ யாரோ குண்டு வைத்ததற்கு, நானா இங்கே கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார். வாடிக்கைக்காரர்கள் வர மறந்தார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும், "கேம்தானே நானா, பைத்தியமா உங்களுக்கு?" என்றேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "ஒங்களுக்கு கேம். வாசல்ல பலகையில ஈக்கிறது என்ட பேரு."

இரண்டு பேர்

அடுத்த ஞாயிறு பகலில் படியில் சப்பாத்துச் சத்தம். வாடிக்கைக்காரர்கள் செருப்புப் போட்டு வருகிறவர்கள். சப்பாத்து என்றால் வேறு ஆள். இரண்டு பேர். சாதாரண உடுப்பு. பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டினார்கள். மாடியில் கத்திச் சண்டை பழக்குகிறார்கள் என்று யாரோ மனு போட்டிருக்கிறார்கள். கட்டடம் யாருடையது என்றார்கள். சொன்னேன். கூப்பிடச் சொன்னார்கள். நானா வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் கடை போனால் ஒரு மாடிதான் போகும். அவரைக் கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் கேட்கவும் மாட்டோம்.

செல்வத்தின் கையில் பட்டன். வந்தவர்களையே பார்த்தபடி எதையோ அழுத்திவிட்டான். திரையில் காவல்காரர்கள் அவன் ஆளைக் கண்டுகொண்டு கத்தத் தொடங்கினார்கள். மூத்தவருக்குத் தமிழ் வந்தது. நானாவிடம் கேட்டார்: "என்ன சொல்றான்?"

"தெரியா சேர்."

"முஸ்லிம்தானே?"

"ஓதத் தெரியும் சேர். அர்த்தம் தெரியா."

இளையவர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்று சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசலாம் என்றார். நானா அளவு நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தார். திரும்பி வராத ஆள் வைக்கிற மாதிரி வைத்தார்.

படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. புஷ்பம். "நில்லுன்னு சொல்றாங்க."

எல்லாரும் திரும்பினோம். பைகளைக் கீழே வைக்காமலே உள்ளே வந்தாள். "நில்லு. கள்ளன். புடி, விடாத. அதத்தான் சொல்றாங்க." குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து திரும்பியவள் அவள். எனக்கு அன்றுதான் தெரியும். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேறென்ன சொல்றான்?" மூத்தவர் கேட்டார்.

"வேற தெரியாதுங்க. எனக்கு அங்க சொன்னது இவ்வளவுதான்."

திரையில் திரும்பவும் கத்தினார்கள். மூத்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். இளையவரின் தோளில் தட்டிப் படியைக் காட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். போகும்போது வாசல் பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் படியில் இளையவர் ஏதோ முணுமுணுக்க, மூத்தவர் சிங்களத்தில் சொன்னது என் மந்தக் காதுக்கும் கேட்டது: "அது நாமளும் சொல்றதுதானே, வா."

முறை

ஆபத்து போய்விட்டது என்று நினைத்தேன். நானா நினைக்கவில்லை. படம் எடுத்துப் போயிருக்கிறார்களே. மறுநாள் காலை ஏணி போட்டுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். பெயின்ட் அடிக்கவா என்றேன். இல்லை, இனி உங்கள் பேர் இருக்கட்டும் என்றார். தைக்கிறவர் அவர், கட்டடமும் அவருடையது. பலகையில் சிவலிங்கம் என்ற என் பேராம்.

எனக்குக் கோபம் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் பேர் எழுதின பலகைகளை இந்த வீதியிலேயே எரித்திருக்கிறார்கள். நானும் இளவட்டமாக நின்று பார்த்தவன். "சிவலிங்கம்னு போட்டா மட்டும் பூ வைப்பாங்களா? அந்தப் பேரையும் கொளுத்தினவங்கதானே நானா" என்றேன். அவர் ஏணியின் மேல் படியில் நின்றபடி, வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தார். "அது அப்ப அண்ணே. இப்ப முறை எங்கட."

இப்போது வாசலில் யார் பேரும் இல்லை, மூன்று பாஷையில் ‘தையல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, இந்தக் கட்டடத்தில் பயமில்லாமல் ஒளிந்திருப்பவன் அந்த முக்காடுக்காரன் ஒருவன்தான், அதுவும் கரண்ட் இருக்கும் வரை.