சனிக்கிழமை வெயிலில் ஓடிய கெர்னல்

ஆராய்ச்சிப் பேப்பரை எப்படி வாசிக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிக்கொண்டோம். முதல் பத்தியை வாசி, கடைசிப் பத்தியை வாசி, நடுவில் உள்ள வரைபடங்களை ஒரு பார்வை பார், மூன்று வரியில் சுருக்கி எழுது. இப்படியே நூற்றுக்கும் மேற்பட்ட பேப்பர்களை வாசித்துத் தள்ளியிருந்தேன். எந்தக் கணினியில், எந்த முறையில் சோதனை செய்தார்கள் என்று சொல்லும் ஒரு பகுதி எல்லாப் பேப்பரிலும் உண்டு. அதை யாரும் தொட மாட்டோம்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நானும் என் நண்பனும் ஆசிரியர்கள். நான் தாமிரபரணிக் கரையில் வயல்காட்டுப் பிள்ளை. அவன் திரேஸ்புரத்தில் கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. சர்வதேச மாநாட்டில் ஒரு பேப்பராவது இல்லாதவர்களுக்கு மே மாதத்தோடு வேலை நீட்டிப்பு கிடையாது என்று அந்த வருடம் நிர்வாகம் அறிவித்தது. எனக்குப் பழைய பேப்பர் ஒன்று இருந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை. அதனால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

மெமரி நிறைந்துவிட்டால் எதை வைத்துக்கொள்வது, எதை வெளியே தள்ளுவது என்பதைக் கணினி இயங்குதளத்தின் மையமாக இருக்கும் கெர்னல் என்ற நிரல் தீர்மானிக்கும். அதற்கு ஒரு புது வழி எழுதினோம். யோசனை என்னுடையது, நிரலில் பாதிக்கு மேல் அவனுடையது. சோதனை தூத்துக்குடியில் என் வீட்டு மாடி அறையில். சனிக்கிழமை மதியம் கல்லூரி விட்டு வந்ததும் பழைய கெர்னலை ஓட்டுவோம். சாயங்காலம் எங்கள் கெர்னலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, இரவெல்லாம் கம்பைல் செய்யப் போட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போவான். ஞாயிறு விடியற்காலை, அவன் மாதா கோயில் பூசைக்குப் போகுமுன் வந்துவிடுவான், எங்களுடையதை ஓட்டுவோம். பத்து வாரம். பத்து வாரமும் எங்களுடையதுதான் வேகம். பேப்பர் ஏற்கப்பட்டது. அன்று அவன் வீட்டில் சீலா மீன் குழம்பு வைத்து என்னை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

இறுதிப் பிரதி அனுப்ப வேண்டிய கடைசி நாள். சோதனை செய்த முறையை இன்னும் விரிவாக எழுதுங்கள் என்று மதிப்பிட்டவர்கள் கேட்டிருந்தார்கள். அதை எப்படி எழுதுவது என்றே தெரியாமல், நான் பல முறை மேற்கோள் காட்டிய ஒரு பேப்பரைத் திறந்து, தாண்டிப் போகும் அந்தப் பகுதியை முதல் தடவையாக வரி வரியாக வாசித்தேன். அதை எழுதியவர்கள், இரண்டு கெர்னல்களையும் முன்பின்னாக மாற்றி மாற்றி ஓட்டினோம், ஒவ்வொரு ஓட்டத்திலும் பிராசசரின் சூட்டைக் குறித்துக்கொண்டோம், சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள்.

உடனே எங்கள் சோதனைக் கணினியை இயக்கினேன். பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமைகளில் எல்லாம் பிராசசரின் வேகம் ஓட்டத்தின் பாதியிலேயே சரிந்திருந்தது. ஞாயிறு காலைகளில் ஒரு தடவைகூடச் சரியவில்லை. தூத்துக்குடி வெயிலில் கொதிக்கிற மொட்டை மாடிக்குக் கீழே, உப்புக் காற்றில் பழுதான கணினி விசிறியோடு பழைய கெர்னல் ஓடியிருக்கிறது. எங்களுடையது விடியற்காலைக் குளிரில் ஓடியிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் என்று பத்து வருடமாக வகுப்பில் நடத்துகிறவன் நான்.

எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் கை போய்விடும். அந்தக் கோபம் என் மேல்தான், ஆனால் அடி விழுந்தது அவன் மேல். பேப்பரைத் திரும்பப் பெறுகிறோம் என்று மாநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுத்தான் அவனுக்கு போன் போட்டேன்.

"அனுப்பிட்டியா?" என்றான்.

"அனுப்பிட்டேன். தப்பா எடுத்த அளவு அது. எப்படிலே விட முடியும்?"

"தப்புன்னா தப்புதான், நான் இல்லங்கல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பணும்னு ஒனக்குத் தோணலையாலே?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. கேட்டிருந்தால் அவனும் திரும்பப் பெறத்தான் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். மே மாதம் அவன் வேலை போயிற்று. நிர்வாகத்திடம் நான் பேசிப் பார்த்தேன். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் சார் என்று சொல்லி எனக்கு ஒரு டீ வரவழைத்தார்கள். வெட்கமில்லாமல் அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது அவன் துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாசலில் வரும் லாரிகளைக் கணினியில் பதிந்துகொண்டிருக்கிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது போய்ப் பார்த்தேன். வெயிலுக்கு ஒரு தகரக் கூரை, மேசை, காற்றாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். பிள்ளைகள் படிப்பு, அவன் அப்பாவின் கண் ஆபரேஷன் எல்லாம் பேசினோம். கிளம்பும்போது, வெகுநாளாக மனதில் வைத்திருந்தவன்போல மெதுவாகக் கேட்டான்.

"ஏலே, அத அதுக்கப்புறம் ஓட்டிப் பாத்தியா? ரெண்டையும் காலையில வச்சு?"

"பாத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"நம்மது தோத்துட்டுலே. பழசுதான் வேகம்."

அவன் முகம் தெளிந்தது. "அப்ப சரி," என்றான். "இல்லாட்டி மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும்."

இரண்டு கெர்னல்களும் அதே கணினியில் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு விடியற்காலை போதும், எது வேகம் என்று தெரிந்துவிடும். எங்களுடையதுதான் வேகம் என்று வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்து, நான் இன்றுவரை ஓட்டிப் பார்க்கவில்லை.